மேசைக்கு எதற்குப் போர்வைச் சட்டம்? சிறு குயில்ட்டிங் வேலைகளில் எதிரெதிர் முறைகள்: ஓர் ஒப்பீடு

துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துச் சேர்த்துத் தைக்கும் குயில்ட்டிங் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை கட்டிலை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கதகதப்பாக இருக்க வேண்டும், உடம்போடு குழைந்து கிடக்க வேண்டும், பேரப்பிள்ளைகள் காலம்வரை கிழியாமல் வர வேண்டும் என்பதெல்லாம் போர்வையிடம் கேட்க வேண்டியவை. மேசையின் நடுவே நீளவாக்கில் விரிக்கும் டேபிள் ரன்னரிடம் நாம் கேட்பது வேறு. மேசைமேல் தட்டையாகப் படிய வேண்டும்; மேலே வைத்த தம்ளர் சாயக் கூடாது. கறை பட்டால் தயங்காமல் துவைத்துக் காயப்போட முடிய வேண்டும். சூடான பாத்திரத்தைக் கொஞ்ச நேரமாவது தாங்க வேண்டும். ஓரம் நைந்தால் சரிசெய்ய வழி இருக்க வேண்டும். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், குயில்ட்டிங் செய்பவர்களிடையே ஓயாமல் நடக்கும் 'இதுவா, அதுவா' வழக்குகள் பலவற்றில் தீர்ப்பு மாறிவிடுகிறது.

கணக்குப் போட ஓர் அளவு வேண்டும். ரன்னர் 14 அங்குல அகலம், 48 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பு தெரிந்ததுதான்: மேல்துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல், சுற்றிலும் ஓரப்பட்டி.

நடு அடுக்கு: உண்மையான போட்டி இங்கேதான்

மேல்துணியின் பூவையும் நிறத்தையும் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, பஞ்சு விரிப்பு என்று வந்ததும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ரன்னர் மேசையில் எப்படிக் கிடக்கும் என்பதை முடிவு செய்வது அந்தப் பஞ்சுதான்.

பாலியஸ்டர் விரிப்பு இலேசானது, சுருங்காது, துவைத்தால் சீக்கிரம் காயும். புசுபுசுவென்று எழும்பி நிற்பதால் தையல் கோடுகளுக்கு இடையே துணி மேடாகத் தெரியும். போர்வையில் அது அழகு. மேசையில் அதுவே தொல்லை. அடி குறுகலான உயரமான கோப்பை அந்த மேட்டில் நேராக நிற்காது. இன்னொரு குறை அடர்நிறத் துணியில்தான் வெளிப்படும்: பாலியஸ்டர் இழைகள் நெசவின் இடைவெளி வழியே மெல்ல மெல்ல வெளியேறி, கருநீலத்தின்மேலும் கறுப்பின்மேலும் வெள்ளை ரோமமாக நிற்கும். வெப்பமும் அதற்கு ஆகாது. பாலியஸ்டர் உருகுவது ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில்தான் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகி அமுங்கத் தொடங்கிவிடும். பருத்திக்கு உரிய சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாலே போதும், புசுபுசுப்பு போய்விடும். பிறகு அது எழும்பாது.

பருத்தி விரிப்பு இதற்கு நேரெதிர். தட்டையாகக் கிடக்கும், சூட்டைத் தாங்கும். மேலும் கீழும் உள்ள துணிகளை இலேசாகப் பற்றிக்கொள்வதால் தைக்கும்போது அடுக்குகள் வழுக்காது. குறை சுருக்கம் ஒன்றுதான்: முதல் துவைப்பில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம். 48 அங்குலத்தில் 5 சதவீதம் என்றால் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் காணாமல் போகும். பஞ்சு சுருங்கும்போது அதோடு தைக்கப்பட்ட மேல்துணியும் சேர்ந்து சுருங்கி, கோடுகளுக்கு நடுவே நுண்ணிய மடிப்புகள் விழும். அந்தப் பழைய தோற்றத்துக்காகவே பருத்தியைத் தேடுகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்பவர்கள், விரிப்பின் உறையில் தடை எதுவும் இல்லையென்றால், அதை வெதுவெதுப்பான நீரில் கசக்காமல் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் அழுத்தியே நீரை எடுத்து, தட்டையாக விரித்து உலர்த்திக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் மேல்துணி, அடித்துணி இரண்டையும் முன்னதாகவே துவைத்துவிட வேண்டும். ஒன்றைச் சுருங்கவிட்டு மற்றதை அப்படியே தைத்தால் முதல் துவைப்பில் கோணல் தெரியும்.

80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியஸ்டரும் கலந்த விரிப்புக்குப் பெரிய பெயர் உண்டு. பெரிய போர்வையின் எடையைக் குறைக்கவும், தையல் கோடு சற்றே எடுப்பாகத் தெரியவும் அது உதவுகிறது. ரன்னர் அளவில் எடை ஒரு பிரச்சினையே இல்லை என்பதால், வீட்டில் மிச்சம் இருந்தால் பயன்படுத்தலாம். தேடிப்போய் வாங்கக் காரணம் தெரியவில்லை.

நான் கட்சி சேர்வது எவரும் அதிகம் பேசாத ஒன்றோடு: பஞ்சு விரிப்புக்குப் பதிலாக ஓர் அடுக்கு ஃபிளானல் துணி. மெல்லியது, மேசையோடு ஒட்டிக் கிடக்கும், ஊசி எளிதாக இறங்கும், ஓரப்பட்டியில் தடிமன் சேராது. தையலின் மேடு பள்ளம் பெரிதாகத் தெரியாது என்பது மெய். ஆனால் வடிவத்தைத் துணித் துண்டுகளே காட்டும் ரன்னரில் தையலும் தனியே உருவம் காட்ட வேண்டியதில்லை. ஃபிளானல் நன்றாகவே சுருங்கும். வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும்.

ஒரு பக்கம் பசை பூசிய ஒட்டும் பஞ்சு, இஸ்திரி போட்டதும் துணியோடு ஒட்டிக்கொள்வதால் அடுக்குகளைப் பிடித்து நிறுத்தும் வேலையில் பாதி மிச்சம். தட்டின்கீழ் போடும் விரிப்பு, கோப்பைத் தாங்கி போன்ற சிறியவற்றில் அது அருமையாகப் பொருந்துகிறது. 48 அங்குல நீளத்தில் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டவைப்பது கடினம். சரியாக ஒட்டாத இடம் துவைக்கத் துவைக்கக் கொப்புளமாக எழும்பும். அதைவிடப் பெரிய குறை விறைப்பு. மேசை விளிம்பில் தொங்க வேண்டிய முனை மடங்கி விழாமல் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய துவாலையை நடுவில் வைக்கும் சிக்கன வழியும் உண்டு. அதன் சுருள் இழைகள் தைக்கும்போது துணியை இப்படியும் அப்படியும் தள்ளும், காயவும் நேரம் பிடிக்கும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்குச் சரி, ரன்னருக்கு வேண்டாம்.

உலோகப் பூச்சுள்ள வெப்பத்தடுப்பு விரிப்பை ரன்னர் முழுவதும் வைத்துத் தைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொடும்போதெல்லாம் சரசரக்கும் மேசை விரிப்பு யாருக்கு வேண்டும்? அதைத் தனியாக ஒரு சிறு தாங்கியில் பருத்திப் பஞ்சோடு சேர்த்து வைத்துத் தைத்து, பாத்திரம் வைக்கும்போது மட்டும் ரன்னர்மேல் போட்டுக்கொண்டால் போதும். உலோகப் பூச்சு இருப்பதால் அந்தத் தாங்கியை மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கக் கூடாது.

பஞ்சு விரிப்பின் உறையில், தையல் கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். மெல்லிய வலையோடு சேர்த்து ஊசியால் குத்திப் பிணைத்த பருத்தியில் அது 8 முதல் 10 அங்குலம்வரைகூடப் போகும்; பிணைப்பு குறைந்தவற்றில் 2 முதல் 4 அங்குலம். அடிக்கடி துவைபடும் ரன்னருக்கு அந்த உச்சவரம்பைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒன்றிலிருந்து இரண்டு அங்குல இடைவெளியே நல்லது. நெருக்கமாகத் தைத்தால் விரிப்பு தட்டையாகும், கொஞ்சம் கெட்டிப்படும். போர்வையில் இதைக் குறையாகச் சொல்வார்கள். மேசைக்கு நமக்கு வேண்டியதே அதுதான்.

வெட்டுவதில் இவ்வளவு சண்டை வேண்டியதில்லை

ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருட்டி வெட்டும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டரை அறிமுகப்படுத்தியது 1979இல். அதற்கு முன்பெல்லாம் அட்டை வடிவம், பென்சில், கத்தரிக்கோல் ஆகிய மூன்றை வைத்துத்தான் பெரும்பாலான குயில்ட்டுகளும் உருவாயின. நீண்ட நேர்ப்பட்டைகளை வெட்டுவதற்கு 45 மில்லிமீட்டர் வட்டக் கத்தியும், கனமான ஒளிபுகும் அளவுகோலும், அடியில் கட்டிங் மேட்டும் இருந்தால் வேலை பல மடங்கு விரைவாகும்; நான்கு அடுக்குத் துணியை ஒன்றாக வெட்டலாம். வளைவுகளுக்கும் ஒன்றிரண்டு துண்டுகளுக்கும் கத்தரிக்கோலே போதும். ஒரே ஒரு ரன்னர் தைத்துப் பார்க்க நினைப்பவர் வட்டக் கத்தி, அளவுகோல், மேட் மூன்றையும் வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

பிழை உண்மையில் பெருகுவது தையல் விடுப்பில், அதாவது தையலுக்கும் துணி விளிம்புக்கும் இடையே விடும் அளவில். குயில்ட்டிங்கில் வழக்கமான விடுப்பு கால் அங்குலம். 20 சதுரங்களை வரிசையாக இணைத்தால் 19 தையல். ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால், இரண்டு பக்கத் துண்டும் சேர்ந்து 3 மில்லிமீட்டர். 19 தையலில் 57 மில்லிமீட்டர் குறைந்துவிடும். எவ்வளவு துல்லியமாக வெட்டியிருந்தாலும் அது திரும்பி வராது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பார்க்க வேண்டும். சரியாக 2 அங்குலம் இருந்தால் மெஷினில் வைத்திருக்கும் குறி சரி.

வெட்டித் தயாராக அடுக்கி விற்கும் இரண்டரை அங்குலப் பட்டைகளும் 5 அங்குலச் சதுரங்களும் நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்துகின்றன. நிறங்களும் ஒன்றோடொன்று பொருந்தியே வரும். ஆனால் அவற்றை முன்னதாகத் துவைக்க முடியாது. ஓரம் பிரிந்து, வடிவம் கோணிவிடும். வெள்ளைக்குப் பக்கத்தில் அடர்சிவப்பு வைக்கும் எண்ணம் இருந்தால் முழுத் துணியாக வாங்கி, சாயம் போகிறதா என்று துவைத்துப் பார்த்து, தானே வெட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கட்டங்களா, பட்டைகளா?

சதுரம், முக்கோணம் என்று வெட்டிக் கட்டம் கட்டமாக இணைத்து மேல்துணியை முழுதாக முடித்துக்கொண்டு, பிறகு பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைப்பது வழக்கமான முறை. இதற்கு எதிரில் நிற்பது, இணைக்கும்போதே குயில்ட்டும் செய்துவிடும் முறை. பஞ்சையும் அடித்துணியையும் முதலிலேயே சேர்த்து விரித்து, ஒரு முனையில் முதல் பட்டையை நேராக வைத்து, அதன்மேல் இரண்டாவது பட்டையை முகத்தோடு முகம் சேர்த்துப் போட்டு, எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஒரே தையல். பிறகு இரண்டாவது பட்டையைத் திருப்பி இஸ்திரி. அடுத்த பட்டை. கடைசிப் பட்டை முடிந்ததும் குயில்ட்டிங்கும் முடிந்திருக்கும்.

இரண்டாவது முறையில் தையல் கோடு மேலே தெரியாது, தனியாகக் குறிபோட வேண்டாம், மூலைகள் ஒன்றோடொன்று சந்திக்க வேண்டிய கவலையும் இல்லை. போர்வை அளவில் இதைச் செய்வது பெரும்பாடு. 14 அங்குல அகலத்துக்கோ அளவெடுத்துச் செய்ததாகவே தோன்றுகிறது. எச்சரிக்கை இரண்டு. பஞ்சு பருத்தியாகவோ ஃபிளானலாகவோ இருக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு பட்டைக்கும் இஸ்திரி மேலே விழுகிறது. அடுத்து, எல்லாத் தையலும் ஒரே பக்கமிருந்து வருவதால் பட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய ஆரம்பிக்கும். நான்கைந்து பட்டைக்கு ஒருமுறை அளவுகோலை வைத்து, விளிம்புக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த பட்டையில் திருத்திக்கொள்ள வேண்டும். இதில் கிடைக்கும் வடிவங்கள் குறைவு என்பது நியாயமான குற்றச்சாட்டு. நட்சத்திரமும் பறவைக் கூட்டமும் வேண்டுமென்றால் கட்ட முறைக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போனால் முக்கோணங்களில் கவனம் தேவை. முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு துணியின் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக வருவதால் கைபட்டாலே நீளும். அதனால் முக்கோணமாக வெட்டிப் பிறகு தைப்பதைவிட, தைத்துவிட்டு வெட்டுவது மேல். இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைவிட்டத்தின் இரு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, பிறகு மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு கட்டங்கள் கிடைக்கும். முடிந்த கட்டம் எந்த அளவில் வேண்டுமோ அதைவிட ஓர் அங்குலம் பெரிதாகச் சதுரங்களை வெட்டிக்கொண்டு, தைத்த பின் மிச்சத்தைச் சீராக வெட்டிவிடலாம். ஓர் அங்குலத்துக்குப் பதில் 7/8 அங்குலம் என்ற கணக்கான கூடுதல் அளவும் உண்டு. அதில் திருத்த இடம் இருக்காது.

கூர்முனையுள்ள ரன்னரா, நேர்முனையா என்ற கேள்விக்கும் இதே கிராஸ்தான் பதில் சொல்கிறது. கூர்முனை மேசை விளிம்பில் அழகாகத் தொங்கும். ஆனால் அந்தச் சாய்ந்த விளிம்புகள் இரண்டும் கிராஸில் வந்தால் ஓரப்பட்டி தைக்கும்போதே நீண்டு அலையலையாகிவிடும். விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே முன்கூட்டியே ஒரு நேர்த்தையல் போட்டுவிட்டால் நீளாது. மேலும், நேர்முனை ரன்னருக்கு மூலை நான்கு; கூர்முனைக்கு ஆறு, அதில் நான்கு விரிகோணம்.

அடுக்குகளைப் பிடித்து நிறுத்துவது பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வளைந்த ஊக்குகளைக் கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்தினால் மெஷின் தையலுக்குப் போதும். வழியில் வருவதைக் கழற்றிக்கொண்டே போகலாம். கைத்தையலுக்கு நீண்ட தற்காலிகத் தையலே வசதி, நூல் எதிலும் சிக்காது. ஸ்பிரே பசை விரைவானது. ஜன்னலைத் திறந்துவைத்து, பசையைத் துணிமேல் அடிக்காமல் பஞ்சின்மேல் அடிக்க வேண்டும், முடிந்ததும் துவைத்துவிட வேண்டும். குண்டூசி மட்டும் வேண்டாம். 48 அங்குலத்தைத் திருப்பித் திருப்பித் தைக்கும்போது அது விரலைத்தான் தேடும்.

கையா, மெஷினா?

இந்த வழக்கில் உணர்ச்சி அதிகம், கணக்கு குறைவு. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் அங்குல இடைவெளியில் நீளவாக்கில் கோடு போட்டால் 14 அங்குல அகலத்துக்கு 13 கோடுகள். ஒவ்வொன்றும் 48 அங்குலம். மொத்தம் 624 அங்குலம், அதாவது 52 அடி. அகலவாக்கில் போட்டால் 47 கோடுகள், 658 அங்குலம், ஏறத்தாழ 55 அடி. நூல் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். தொடங்கி முடிக்கும் வேலைதான் 13இலிருந்து 47 ஆகிறது. மெஷினில் தைப்பவர்களுக்கு நீளக் கோடுகள்தான் இலாபம்.

கையில் அங்குலத்துக்கு 5 தையல் என்று வைத்தால் அதே 624 அங்குலத்துக்கு 3,120 தையல். ஆனால் கைத்தையலில் எவரும் அவ்வளவு நெருக்கமாகக் கோடு போட மாட்டார்கள். இரண்டு அங்குல இடைவெளியில் 6 கோடுகள் போதும்: 288 அங்குலம், 1,440 தையல். பொறுமை உள்ளவருக்கு இது பயப்பட வேண்டிய எண்ணிக்கை அல்ல. அங்குலத்துக்கு 8 முதல் 10 வரை நுண்தையல் போடுவது பயிற்சி பெற்றவர்களின் மரபு. மேசை விரிப்புக்கு அது கட்டாயம் இல்லை. 8ஆம் எண் பேர்ல் காட்டன் போன்ற தடித்த நூலில், அங்குலத்துக்கு 4 முதல் 6 வரை தெரியும்படி போடும் ஓட்டுத் தையல் விரைவாக முடியும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். வங்காளத்தின் கந்தா, ஜப்பானின் சாஷிகோ ஊசிவேலைகளை ரசிப்பவர்களுக்கு இதன் அழகை விளக்க வேண்டியதில்லை.

கையின் எதிரி துண்டுகள் சந்திக்கும் இடங்கள். நான்கு துண்டுகளின் விடுப்பு ஒன்றாக மடிந்து கிடக்கும் இடத்தில் கையால் ஊசியை இறக்குவது தண்டனை. முழுத் துணியாகவோ பெரிய துண்டுகளாகவோ உள்ள மேல்துணி கைக்கு. சின்னச் சின்னத் துண்டுகள் நிறைந்தது மெஷினுக்கு. நடு அடுக்கையும் இதே நோக்கில் பார்க்கலாம்: ஃபிளானலிலும் மென்மையான பருத்தியிலும் கையூசி சுகமாக ஓடும், பசையுள்ள ஒட்டும் பஞ்சில் விரல் நுனி வலிக்கும்.

மெஷின் பக்கம் வந்தால், போர்வை தைப்பவர்களின் பெரிய புலம்பல் இடம் இல்லை என்பதுதான். ஊசிக்கு வலப்புறம் மெஷினின் உடல்வரை இருக்கும் இடைவெளி வீட்டு மெஷின்களில் ஏறத்தாழ 6 முதல் 9 அங்குலம். அதற்குள் ஒரு போர்வையைச் சுருட்டித் திணிப்பது மல்யுத்தம். 14 அங்குல ரன்னரில் நடுக்கோடு தைக்கும்போதுகூட வலப்புறம் 7 அங்குலம்தான் இருக்கும். இலேசாகச் சுருட்டினால் போதும். எனவே ரன்னருக்காக விலையுயர்ந்த குயில்ட்டிங் மெஷின் வாங்க வேண்டும் என்ற வாதம் நிற்காது. காலால் மிதிக்கும் பழைய மெஷினிலும் நேர்த்தையல் நன்றாகவே வரும்.

செலவழிக்க வேண்டிய இடம் வாக்கிங் ஃபுட் எனும் தனி மெஷின் பாதம். சாதாரண மெஷினில் அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டும் இழுக்கும். மேல்துணி பின்தங்கி, கோட்டின் முடிவில் மடிப்பாகக் குவியும். வாக்கிங் ஃபுட் மேலிருந்தும் துணியை நகர்த்துவதால் மூன்று அடுக்கும் சேர்ந்தே போகும். அது கிடைக்காதவர்கள் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, ஊக்குகளை நெருக்கமாகக் குத்தி, மெதுவாகத் தைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். 90/14 ஊசியும் 3 மில்லிமீட்டர் தையல் நீளமும் பொருத்தம். நடுக்கோட்டை முதலில் தைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும். எல்லாக் கோடுகளையும் ஒரே திசையில் தைப்பது நல்லது. ஒன்று மேலிருந்தும் அடுத்தது கீழிருந்தும் போனால் இடையிலுள்ள துணி மூலைவாட்டில் முறுக்கிக்கொள்ளும். கைக் குயில்ட்டிங்குக்கென்று விற்கும் மெழுகுப் பூச்சுள்ள நூலை மட்டும் மெஷினில் போடக் கூடாது.

பற்களைக் கீழே இறக்கிவிட்டுத் துணியைக் கையாலேயே நகர்த்தி வளைவும் கொடியும் வரையும் சுதந்திரத் தையல் பார்ப்பதற்கு மயக்கும். அதில் தையல் நீளம் கையின் வேகத்தையும் மெஷினின் வேகத்தையும் பொறுத்தது. இரண்டும் ஒத்துவரப் பழக்கம் வேண்டும். ரன்னரின் அடிப்பக்கமும் கண்ணில் படும் என்பதால் பழகும் களமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு நல்ல களம் ஒன்று இருக்கிறது, கீழே வருகிறேன்.

குறிபோடுவதில் ஒரு வார்த்தை: இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாக் கோடு கடுங்குளிரில் மீண்டும் தெரியக்கூடும், நீரில் மறையும் நீலக் கோடு இஸ்திரிச் சூடு பட்டால் நிலைத்துவிடக்கூடும். நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் விளிம்பை ஒட்டித் தைத்துவிட்டு உடனே உரித்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

ஓரம்: அவசரத்துக்கும் ஆயுளுக்கும் இடையே

மூன்று வழிகள் மோதுகின்றன. முதலாவது, உறையைத் திருப்புவது. மேல்துணியும் அடித்துணியும் முகத்தோடு முகம், அதன்மேல் பஞ்சு. நான்கைந்து அங்குலம் வழிவிட்டுச் சுற்றிலும் தைத்து, உள்ளிருந்து திருப்பி, வழியை மூடி, விளிம்பை ஒட்டி ஒரு தையல். ஓரப்பட்டியே வேண்டாம். மிக விரைவானது இதுதான். ஆனால் குயில்ட்டிங் தையல் அதன்பிறகுதான் போட முடியும் என்பதால், தைக்கத் தைக்கத் தள்ளப்படும் துணிக்கு வெளியேற இடமில்லை. ஓரத்தில் வந்து குவிந்து அலையாக நிற்கும். 48 அங்குல நீளத்தில் இதைத் தவிர்ப்பது கடினம். 4 அங்குலக் கோப்பைத் தாங்கியில் பிரச்சினையே வராது.

இரண்டாவது, அடித்துணியைச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி, இரண்டு மடிப்பாக முன்பக்கம் கொண்டுவந்து தைப்பது. துணி மிச்சம், இணைப்பு இல்லை. அடித்துணியின் நிறம் முன்பக்கச் சட்டமாகத் தெரியும் என்பதை முன்பே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளிம்பில் ஒரே அடுக்குத் துணிதான் தேய்மானத்தைத் தாங்கும்.

மூன்றாவது, தனி ஓரப்பட்டி. நமது ரன்னரின் சுற்றளவு 124 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 10 அங்குலம் கூட்டினால் 134. 42 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டை நான்கு வெட்டினால் போதும். 10 அங்குலத் துணி செலவு. பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டுத் தைப்பதால் விளிம்பில் இரட்டைத் துணி நிற்கும். ஒரு ரன்னரில் முதலில் நைவது எப்போதும் விளிம்புதான். உறை திருப்பிய ரன்னரில் விளிம்பு போனால் மேல்துணியே போனது மாதிரி. தனிப்பட்டி நைந்தால் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ரன்னரில் நான் வேறு வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டையைக் கிராஸில் வெட்ட வேண்டும் என்று வலியுறுத்துபவர்களும் உண்டு. விளிம்பு வளைவாக இருந்தால் அது கட்டாயம். நேர் விளிம்புக்கு நேர்ப்பட்டையே போதும், துணியும் வீணாகாது. மூலையில் கால் அங்குலம் முன்னதாகவே தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து, பிறகு கீழே கொண்டுவந்து அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை மடிப்பு தானாக விழும். பட்டையின் மறுபக்கத்தைக் கையால் தைத்து முடிப்பது அழகு; அடிக்கடி துவைபடும் பொருளுக்கு மெஷின் உறுதி. மெஷினில் முடிப்பவர்கள் பட்டையை முதலில் பின்பக்கம் தைத்து முன்பக்கம் மடித்துக்கொண்டால், கடைசித் தையல் கண்முன்னே விழும். நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே தைக்கலாம்.

முதலில் எதைத் தைப்பது?

சின்னதிலிருந்து தொடங்கு என்பார்கள், கோப்பைத் தாங்கியைக் கையில் கொடுப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தொடக்கநிலையில் கடினமானது மூலை. 4 அங்குலத் தாங்கியில் 4 அங்குலத்துக்கு ஒரு மூலை வருகிறது. ஆறு தாங்கி கொண்ட ஒரு தொகுப்பில் 24 மூலைகள். முழு ரன்னரில் 124 அங்குலத்துக்கு நான்கே நான்கு. தாங்கிதான் வேண்டும் என்றால் ஓரப்பட்டி இல்லாமல் உறை திருப்பும் முறையில் தைக்கட்டும்.

தட்டின்கீழ் போடும் 12க்கு 18 அங்குல விரிப்பு நல்ல தொடக்கம். ஒட்டும் பஞ்சு, நேர்கோட்டுத் தையல், தனி ஓரப்பட்டி என்று எல்லாவற்றையும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். 60 அங்குலச் சுற்றளவில் நான்கு மூலைகள்தான். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியும் அளவில் எளிதுதான். ஆனால் அதில் பாலியஸ்டர் பஞ்சையோ பாலியஸ்டர் கலந்த துணியையோ வைக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பயன்படுத்தவும் கூடாது. நீர் சூட்டை விரைவாகக் கடத்தி நேரே விரலுக்குக் கொண்டுவரும்.

மெத்தைத் தலையணை உறையைத்தான் இரண்டாவதாக வைப்பேன். குயில்ட் செய்த முகப்பின் பின்பக்கம் முழுவதும் உறைக்குள் மறைந்துவிடும். பாபின் நூல் சிக்கியதும் தையல் ஏறுமாறாக விழுந்ததும் யார் கண்ணிலும் படாது. மேலே சொன்ன சுதந்திரத் தையலைப் பழக இதைவிட வசதி வேறில்லை. ஓரப்பட்டியும் அவசியமில்லை. அடித்துணியாக எந்தப் பழைய பருத்தித் துணியும் ஆகும். இங்கே புசுபுசுப்பான பாலியஸ்டர் பஞ்சுக்கும் தாராளமாக இடம் கொடுக்கலாம், மேலே தம்ளர் வைக்கப்போவதில்லை.

ரன்னர் மூன்றாவது. அதற்குள் கால் அங்குலமும் மூலை மடிப்பும் கைக்கு வந்திருக்கும்; புதிதாகச் சேர்வது நீளம் மட்டும். முதல் ரன்னருக்குப் பட்டை முறை, ஃபிளானல் அல்லது மெல்லிய பருத்திப் பஞ்சு, நேர்முனை, தனி ஓரப்பட்டி. அடித்துணிக்குப் பூவேலைப்பாடு நிறைந்ததாகப் பார்த்து எடுத்தால், அங்கே தெரியும் தையல் கோடுகளில் ஒன்றிரண்டு வளைந்திருந்தாலும் தெரியாது. துவைக்கும் நாளில் திருப்பிப் போட இன்னொரு முகமும் கிடைக்கும்.